எந்த எஞ்சின்? கெக்வொர்த், 1989: ஒரு நிகழ்வு ஆய்வு

இரட்டை எஞ்சின் கொண்ட பயணிகள் விமானத்தில் ஒன்று பழுதானால் மற்றொன்றை வைத்துப் பறந்து இறங்கிவிடலாம். இந்த வகை விமானங்களுக்குச் சான்று தரப்படுவதே அந்தக் கணக்கில்தான். 1989 ஜனவரி 8 இரவு, இங்கிலாந்தின் கெக்வொர்த் கிராமத்துக்கு அருகே ஒரு போயிங் 737-400 ஓடுபாதையை எட்டாமல் விழுந்தபோது, அதன் இரண்டு எஞ்சின்களில் ஒன்று எந்தக் குறையும் இல்லாமல் இருந்தது. அதைத்தான் விமானிகள் நிறுத்தி வைத்திருந்தார்கள். விமானத்தில் இருந்த 126 பேரில் 47 பேர் இறந்தார்கள்.

"தவறான எஞ்சினை நிறுத்திவிட்டார்கள்" என்ற ஒற்றை வரியோடு இந்த விபத்தைக் கடந்துபோவது வழக்கமாகிவிட்டது. எந்த எஞ்சின் என்ற தவறான முடிவு முதல் அரை நிமிடத்துக்குள் எடுக்கப்பட்டது. அதைத் திருத்திக்கொள்ள அதன்பின் பதினெட்டு நிமிடம் இருந்தது. அந்தப் பதினெட்டு நிமிடம் ஏன் பயன்படவில்லை என்பதற்குத்தான் இந்த ஆய்வில் அதிக இடம் தரப்பட்டிருக்கிறது.

விமானமும் விமானிகளும்

லண்டன் ஹீத்ரோவிலிருந்து பெல்ஃபாஸ்ட்டுக்குச் செல்லும் பயணம். 118 பயணிகள், 8 ஊழியர்கள். விமானம் சேவைக்கு வந்து சில மாதங்களே ஆகியிருந்தன. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு சிஎஃப்எம்56-3சி எஞ்சின்கள். இடது முதலாம் எண், வலது இரண்டாம் எண். ஒவ்வொன்றின் முன்பக்கமும் சுமார் ஒன்றரை மீட்டர் குறுக்களவுள்ள ஃபேன், அதில் 38 பிளேடுகள்.

கேப்டனுக்கு மொத்தம் 13,000 மணி நேரத்துக்கும் மேற்பட்ட பறப்பு அனுபவம் உண்டு. ஆனால் 400 வகையில் அவர் ஓட்டியது 23 மணி நேரம்தான். துணை விமானி அதே வகையில் 53 மணி நேரம் ஓட்டியிருந்தார். இருவரும் 737இன் 300 வகையிலிருந்து மாறியவர்கள். மாற்றத்துக்கான பயிற்சி, வேறுபாடுகளை விளக்கும் ஒரு நாள் ஒலி-ஒளிப் பாடம். புதிய கருவிப் பலகை பொருத்திய சிமுலேட்டரில் அவர்கள் உட்கார்ந்ததில்லை.

பழைய பலகையில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு வட்ட முகப்பு, அதன் நடுவிலிருந்து நீளும் முள். இரண்டு எஞ்சின்களின் முட்களும் அக்கம்பக்கமாக நிற்கும். ஒன்று விலகினால் ஓரக்கண்ணில் பட்டுவிடும். புதிய பலகையில் முள் இல்லை. வட்டத்தின் வெளி விளிம்பில் சிறு விளக்குப் புள்ளி நகரும், நடுவில் எண் ஒளிரும். எண்ணைத் துல்லியமாகப் படிக்க இது நல்ல ஏற்பாடு. விமானமே உதறும்போது ஒரே பார்வையில் "எது சரியில்லை" என்று கண்டுபிடிக்க அவ்வளவு உதவாது.

இந்த விபத்தில் எல்லாவற்றையும் சொல்லக்கூடியதாக இருந்த கருவி அதிர்வுமானி. அது பலகையில் இரண்டாம் நிலைக் கருவிகளோடு சேர்ந்திருந்த சிறிய முகப்பு. அளவு 0 முதல் 5 யூனிட் வரை. அபாயத்தைக் காட்டும் சிவப்புப் பட்டை கிடையாது, மணியும் கிடையாது, எச்சரிக்கை விளக்கும் கிடையாது. போதாக்குறைக்கு, பழைய ஜெட் விமானங்களின் அதிர்வுமானிகள் நம்பத்தகாதவை என்று பெயரெடுத்தவை. "அதைப் பார்த்து முடிவெடுக்காதே" என்பது அந்தத் தலைமுறை விமானிகள் வாய்வழியாகக் கற்ற பாடம். 400 வகையின் அதிர்வுமானி நம்பத்தகுந்தது என்பதை யாரும் அவர்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை.

28,300 அடி

இரவு 7:52க்கு விமானம் கிளம்பியது. ஓட்டியவர் துணை விமானி. 8:05 மணிக்கு, 28,300 அடியைத் தாண்டி ஏறிக்கொண்டிருந்தபோது, இடது எஞ்சின் ஃபேனின் ஒரு பிளேடு வெளிப்பகுதியில் முறிந்தது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 5,000 சுற்று சுழலும் ஃபேனில் ஒரு துண்டு போனால் சமநிலை போய்விடும். முறிந்த துண்டுகள் பக்கத்து பிளேடுகளையும் சேதப்படுத்தின. காற்றோட்டம் குலைந்து, உள்ளே காற்றை அழுத்தும் கம்ப்ரஸர் மீண்டும் மீண்டும் ஸ்டால் ஆனது, அதாவது காற்றைச் சீராக இழுக்க முடியாமல் திணறியது. விமானிகளுக்கு இதெல்லாம் படபடவென்ற பலத்த சத்தமாகவும், கருவிகளைப் படிக்கவிடாத நடுக்கமாகவும், தீய்ந்த நெடியாகவும், மெல்லிய புகையாகவும் வந்து சேர்ந்தது.

நெடிக்குக் காரணம் தீ இல்லை. ஃபேன் உறையின் உள்பக்கத்தில் தேயக்கூடிய ஒரு பூச்சு இருக்கும். ஆட்டம் கண்ட பிளேடுகளின் நுனி அதில் உரசியது. தேய்ந்த துகள் கம்ப்ரஸருக்குள் போய், அங்கிருந்து எடுக்கப்படும் காற்றோடு ஏர் கண்டிஷனிங் வழியாக உள்ளே வந்தது.

கேப்டன் ஆட்டோபைலட்டை விடுவித்துக் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டார். அதுவரை சரிதான்; முதல் வேலை விமானத்தைப் பறக்க வைப்பது. எஞ்சின் கருவிகளைப் பார்த்ததாகவும், எதில் கோளாறு என்று தெளிவாகத் தெரியவில்லை என்றும் அவர் பின்னர் சொன்னார். எந்த எஞ்சின் என்று துணை விமானியைக் கேட்டார். துணை விமானி "இட..." என்று தொடங்கி, பாதியில் மாற்றி, வலது என்றார். எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்பது பிறகு அவருக்கே நினைவில்லை. அதைக் குறைக்கும்படி கேப்டன் சொன்னார். எஞ்சின் விசையைத் தானாகச் சரிசெய்யும் ஆட்டோத்ராட்டில் விடுவிக்கப்பட்டது, வலது எஞ்சினின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ரஸ்ட் லீவர் பின்னுக்கு இழுக்கப்பட்டது. பிளேடு முறிந்து அப்போது சுமார் 20 விநாடிதான் ஆகியிருந்தது.

பறப்புப் பதிவுக் கருவி அதே 20 விநாடியில் காட்டியது இது: இடது எஞ்சினின் ஃபேன் வேகம் ஏறி இறங்குகிறது, வெளியேறும் வாயுவின் வெப்பம் கூடியிருக்கிறது, எரிபொருள் ஓட்டம் தாழ்ந்து தடுமாறுகிறது, அதிர்வு அளவின் உச்சியில் நிற்கிறது. வலது எஞ்சினில் எல்லா எண்களும் அசையாமல் இருந்தன. ஐந்தாறு விநாடி நிதானமாக இரண்டு வரிசைகளையும் ஒப்பிட்டிருந்தால் போதும். அந்த ஐந்தாறு விநாடி எடுத்துக்கொள்ளப்படவில்லை.

வலது என்று ஏன் நம்பினார்கள்

புகையும் நெடியும் பயணிகள் பகுதியிலிருந்து முன்னால் வருகிறது என்று கேப்டன் கருதினார். ஏர் கண்டிஷனிங் அமைப்பைப் பற்றி அவருக்கு இருந்த புரிதலின்படி அது வலது எஞ்சினைச் சுட்டியது. 737இல் காக்பிட்டுக்கான காற்று இடது பக்க அமைப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. இடதில் மிஞ்சுவதும் வலதில் வருவதும் கலந்து கேபினுக்குப் போகிறது. ஆகவே கேபினில் புகை இருப்பதை மட்டும் வைத்து இடதா வலதா என்று பிரிக்க முடியாது. காக்பிட்டிலேயே நெடி அடித்ததை வைத்துப் பார்த்தால் சந்தேகம் இடது பக்கம் போயிருக்க வேண்டும். அமைப்பைப் பற்றிய அறிவு அரைகுறையாக இருக்கையில் அதிலிருந்து கோளாற்றைக் கண்டுபிடிக்க முயல்வது, ஒன்றும் தெரியாமல் இருப்பதைவிட ஆபத்தாகிவிடுகிறது. கருவியைப் பார்க்க வேண்டிய இடத்தில் ஊகம் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

காலும் அவர்களுக்கு உதவவில்லை. புறப்பாட்டில் ஒரு எஞ்சின் முழுதாக நின்றால் மூக்கு அந்தப் பக்கம் திரும்பும். நேராக்க, வால் சுக்கானைத் திருப்பும் மறுபக்க ரடர் பெடலை அழுத்த வேண்டியிருக்கும். எந்தக் காலுக்கு வேலை இல்லையோ அந்தப் பக்க எஞ்சின்தான் போயிருக்கிறது. இங்கே இடது எஞ்சின் நிற்கவில்லை, இருமிக்கொண்டே இழுத்தது. வேகமும் அதிகம். உடம்பு தெளிவான எந்தத் தகவலையும் தராது.

நடுக்கம் அடங்கியது

வலது லீவரை இழுத்த ஓரிரு விநாடியில் சத்தமும் உலுக்கலும் நின்றன. நெடியும் குறையத் தொடங்கியது. இருவருக்கும் அது தீர்ப்பு போல இருந்தது: கெட்டதைத் தொட்டோம், அடங்கிவிட்டது.

உண்மையில் அந்தக் கணத்தில் இரண்டு செயல்கள் நடந்திருந்தன. ஒன்று, வலது லீவர் பின்னுக்கு வந்தது. மற்றொன்று, அதற்குச் சற்று முன் ஆட்டோத்ராட்டில் விடுபட்டது. ஆட்டோத்ராட்டில் கணக்கிட்ட ஏறு விசையைப் பிடித்து வைக்கப் பார்க்கும் கருவி. இடது எஞ்சின் வேகம் இழக்கும்போதெல்லாம் அது எரிபொருளைக் கூட்டச் சொன்னது. அடிபட்ட ஃபேன் அதைத் தாங்காமல் மறுபடி ஸ்டால் ஆனது. ஆட்டோத்ராட்டில் போனதும் அந்த நச்சரிப்பு நின்றது. இடது எஞ்சின் சற்றே குறைந்த வேகத்தில், முறிந்த பிளேடோடு, சீராக ஓடத் தொடங்கியது. சிகிச்சை தற்செயலாக நடந்தது. பெயர் வலது லீவருக்குப் போனது.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று சொல்ல முடியாது. இந்த விபத்தின் முடிச்சு அதில்தான் இருக்கிறது. அறிகுறி மறைந்ததை அடையாளம் சரி என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். அறிகுறி முழுதாக மறையவும் இல்லை. உடம்பில் உணர்ந்த நடுக்கம் போயிருந்தது. முகப்பில் இடது அதிர்வுமானி மேலும் சுமார் மூன்று நிமிடம் உச்சியிலேயே நின்றது. இடது வாயு வெப்பமும் முன்பிருந்ததைவிட அதிகம். சரியான எஞ்சினைக் குறைத்திருந்தால் இவை இரண்டும் இறங்கியிருக்க வேண்டும்.

நடுக்கம் தொடங்கிய 43ஆவது விநாடியில் எஞ்சினை நிறுத்தும்படி கேப்டன் கட்டளையிட்டார். அது உடனே நிறைவேறவில்லை. கட்டுப்பாட்டு அறையின் அழைப்புகள் குறுக்கிட்டன. வலது எஞ்சின் ஐடிலில் (மிகக் குறைந்த விசையில்) ஒழுங்காகத்தான் ஓடுகிறது போலிருக்கிறது, கொஞ்சம் பார்ப்போம் என்று கேப்டனே ஒரு கட்டத்தில் சொன்னார். உண்மைக்கு அவர்கள் மிக அருகில் வந்த தருணம் அது. கெட்ட எஞ்சின் என்று ஒதுக்கியது எந்தக் குறையுமின்றி ஓடுகிறது என்று கண் சொல்கிறது. அந்த வியப்பு கேள்வியாக மாறியிருக்கலாம். மாறவில்லை. 2 நிமிடம் 7 விநாடியில் வலது எஞ்சின் நிறுத்தப்பட்டது. துணை மின் எஞ்சின் இயக்கப்பட்டது.

கேபினில் தெரிந்தது

இடது பக்கத்திலும் பின்வரிசைகளிலும் இருந்த பயணிகள் பலர் இடது எஞ்சினிலிருந்து பொறியும் தீநாக்கும் வருவதைப் பார்த்தார்கள். கேபின் ஊழியர்களில் மூன்று பேர் கண்ணிலும் அது பட்டது.

கேபின் தலைமை ஊழியரைக் கேப்டன் முன்னால் அழைத்தார். பின்னால் புகை வந்ததா என்று கேட்டார். வந்தது என்று பதில். கேட்டது ஆம்-இல்லை கேள்வி. கிடைத்தது ஏற்கெனவே இருந்த முடிவுக்கு இன்னொரு முட்டு. "வெளியே எதையாவது பார்த்தீர்களா? எந்தப் பக்கம்?" என்று கேட்டிருந்தால் அந்தத் தகவல் அங்கேயே வந்திருக்கும்.

பிறகு பயணிகள் பதறுகிறார்கள் என்று தெரிந்ததும் கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார். வலது எஞ்சினில் கோளாறு, அதனால்தான் கேபினில் புகை, அதை நிறுத்திவிட்டோம், இன்னும் பத்து நிமிடம் போல ஈஸ்ட் மிட்லண்ட்ஸில் இறங்குகிறோம் என்பது செய்தி. இடது பக்கம் தீயைப் பார்த்தவர்கள் "வலது" என்ற சொல்லைக் கேட்டார்கள். சிலருக்கு அது உறுத்தியது. யாரும் எழுந்து சொல்லவில்லை. காக்பிட்டில் இருப்பவர்களுக்குத் தெரியாததா என்ற எண்ணம் ஒரு பக்கம். அவர் பேசிய தெளிவும் அமைதியும் மறுபக்கம். சாப்பாட்டுத் தட்டுகளை அவசரமாக எடுத்து வைத்துக்கொண்டிருந்த ஊழியர்கள் பலருக்கு அந்தச் சொல் காதில் பதியவே இல்லை.

போயிங் 737இன் காக்பிட்டில் உட்கார்ந்தபடி எஞ்சினைப் பார்க்க முடியாது. கேபின் ஊழியரின் கண்தான் விமானிக்கு இருக்கும் ஒரே வெளிப்பார்வை. இங்கே அந்தக் கண் பார்த்தது. பார்த்தது போய்ச் சேரவில்லை.

இறங்குமுகம்

அருகில் இருந்தது ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையம். இயக்கிய நிறுவனமும் அங்கேயே போகச் சொன்னது. தேர்வில் பிழை இல்லை. ஆனால் அது மிக அருகில் இருந்தது. ஏறக்குறைய 30,000 அடியை அவசரமாக இறக்க வேண்டும். புதிய அணுகுமுறை வரைபடம், புதிய அலைவரிசைகள், ஒற்றை எஞ்சின் செக்லிஸ்ட், நிறுவனத்தின் அழைப்புகள், கட்டுப்பாட்டு அறையின் திசை மாற்றங்கள். இதற்கு நடுவே துணை விமானி பறப்பு மேலாண்மைக் கணினியில் புதிய நிலையத்தை ஏற்ற முயன்று, முடியாமல், சுமார் இரண்டு நிமிடம் தலைகுனிந்து பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்தார். ரேடார் வழிகாட்டுதலில் இறங்கும் விமானத்துக்கு அந்தக் கணினி வேலை தேவையே இல்லை.

இந்த நெருக்கடியின் நடுவில் கேப்டன் ஒரு முறை சரியான கேள்வியைத் தொடங்கினார். நமக்கு உண்மையில் என்ன அறிகுறி கிடைத்தது, வேகமான நடுக்கம், புகை என்று அடுக்க ஆரம்பித்தார். அந்த இடத்தில் கட்டுப்பாட்டு அறை புதிய திசை ஒன்றைக் கொடுத்தது. பதில் சொல்லி, திரும்பி, உயரத்தைச் சரிபார்த்தார்கள். கேள்விக்கு யாரும் திரும்ப வரவில்லை.

இறங்கும்போது எஞ்சினுக்கு வேலை குறைவு. இடது லீவர் ஐடிலுக்கு அருகே இருந்ததால் அதிர்வுமானி அளவும் மெல்ல இறங்கியது. அடிபட்ட எஞ்சின் நல்ல எஞ்சினைப் போல் நடித்த காலம் இது. 3,000 அடியில் சமதளமாக்க விசையைக் கூட்டியபோது அதிர்வு மறுபடி உச்சிக்கு ஏறியது. இறங்குசக்கரம், ஃப்ளாப் (இறக்கையின் விரியும் மடல்), சாய்வுப் பாதை என்று கவனம் முழுவதும் வெளியே இருந்த நேரம். சிறிய முகப்பில் ஏறிய புள்ளியை யாரும் பார்க்கவில்லை.

நம் கருத்தில், தவறவிட்டவற்றில் மிகப் பெரியது இதுதான். ஒரு எஞ்சினை நிறுத்தியபின் உயிர் முழுவதும் மற்றொன்றில் தொங்குகிறது. உயரம் கையிலிருக்கும்போதே அதற்கு விசை கொடுத்துப் பார்த்திருந்தால், 10,000 அடியில் அது உதறியிருக்கும். வலது எஞ்சினை மறுபடி இயக்க வேண்டிய நேரம் தாராளமாக இருந்திருக்கும்.

கடைசி நிமிடம்

ஓடுபாதையைத் தொட 2.4 கடல் மைல், உயரம் 900 அடி. இடது எஞ்சின் சட்டென்று விசை இழந்தது. நிறுத்தி வைத்த எஞ்சினை மறுபடி இயக்கும்படி கேப்டன் சொன்னார். துணை விமானி முயன்றார். 17 விநாடி கழித்து இடது எஞ்சினுக்குத் தீ எச்சரிக்கை மணி அடித்தது. தீயணைப்பு நடவடிக்கை வேண்டாம் என்று கேப்டன் தடுத்தார். அது புரிந்துகொள்ளக்கூடிய முடிவு: தீக் கைப்பிடியை இழுத்தால் எரிபொருள் அடைபட்டு, இடதில் மிஞ்சிய கொஞ்ச விசையும் போயிருக்கும்.

நின்ற எஞ்சின் ஐடிலுக்கு வரவே அரை நிமிடம் போல ஆகும், அதிலிருந்து முழு விசைக்கு இன்னும் பல விநாடி. சக்கரமும் ஃப்ளாப்பும் விரிந்த நிலையில் 900 அடியிலிருந்து தரைக்கு ஒரு நிமிடம்கூட இல்லை. ஓடுபாதையை எட்ட மூக்கைத் தூக்கினார், வேகம் கரைந்தது. சாய்வுப் பாதைக்குக் கீழே போவதாகத் தரை அணுகல் எச்சரிக்கை கத்தியது, பிறகு இறக்கை தூக்குவிசையை இழக்கப்போகிறது என்ற ஸ்டால் எச்சரிக்கையாகக் கட்டுப்பாட்டுத் தண்டு உதறியது. மோதலுக்குத் தயாராகும்படி கேபினுக்குச் சொல்ல சுமார் பத்து விநாடி கிடைத்தது.

8:24க்கு விமானம் எம்1 நெடுஞ்சாலையின் கிழக்கே வயலில் வால் பட்டு, சாலையைத் தாண்டி, மேற்குக் கரைச் சரிவில் மோதி மூன்றாக உடைந்தது. சாலையில் எந்த வண்டியும் அடிபடவில்லை. ஓடுபாதையின் முனை அங்கிருந்து சுமார் 900 மீட்டர். 39 பேர் அங்கேயே இறந்தார்கள், 8 பேர் பிறகு. 74 பேருக்குப் பலத்த காயம். இரு விமானிகளும் அதில் அடக்கம்.

பிளேடு ஏன் முறிந்தது

400 வகைக்காக எஞ்சினின் விசை கூட்டப்பட்டிருந்தது. 10,000 அடிக்கு மேல், அதிக விசையில், ஃபேன் பிளேடுகளில் ஒருவித அதிர்வு எழுந்தது. ஒவ்வொரு அதிர்விலும் உலோகம் மிகச் சிறிதாக வளையும். அது கோடிக்கணக்கில் திரும்ப நடந்தால் களைத்துப் பிளக்கும். சான்றளிப்புச் சோதனைகள் தரைமட்டச் சோதனைக் கூடத்தில் நடந்தன. அங்கே இந்த அதிர்வு எழவில்லை. எழாத இடத்தில் தேடியதால் கிடைக்கவும் இல்லை.

விசாரணை சொன்னது

பிரிட்டனின் விமான விபத்து விசாரணைப் பிரிவு 1990இல் அறிக்கை வெளியிட்டு 31 பரிந்துரைகள் செய்தது. விமானிகள் மேல் பொறுப்பை வைத்தது; பயிற்சிக்கு முரணாக, அவசரமாக, கருவிகளை உள்வாங்காமல் செயல்பட்டார்கள் என்றது. அத்தோடு நிற்கவில்லை. இந்த அளவு நடுக்கமும் நெடியும் சேர்ந்து வரும் நிலை அவர்கள் பெற்ற எந்தப் பயிற்சிக்கும் அப்பாற்பட்டது என்பதையும், லீவரை இழுத்ததும் சத்தம் நின்றது அவர்களை நம்ப வைத்ததையும், கேபினில் கண்ட தீ அவர்களுக்குச் சொல்லப்படவில்லை என்பதையும் காரணங்களாகச் சேர்த்தது. அதிர்வு மிகுந்தால் கவனத்தை இழுக்கும் எச்சரிக்கை, புதிய பலகையில் சிமுலேட்டர் பயிற்சி, காக்பிட்-கேபின் ஒருங்கிணைந்த பயிற்சி, வெளிப்புறத்தைக் காட்டும் கேமரா பற்றிய ஆய்வு ஆகியவை கேட்கப்பட்டன. கேமரா தவிர மற்றவை பெரும்பாலும் வழக்கத்துக்கு வந்துவிட்டன. இருக்கைகளும் தளமும் பெயர்ந்து பலருக்குக் கால் முறிந்ததால், மோதலின்போது குனிந்து கொள்ளும் நிலையும் இந்த விபத்துக்குப் பிறகே ஆராய்ந்து திருத்தப்பட்டது.

இன்று இதே அறிகுறி வந்தால்

ஒருவர் ஓட்டுவார், மற்றவர் படிப்பார். ஓட்டுபவர் எஞ்சினைத் தொடக்கூடாது என்றில்லை. விமானம் சீரான பாதையில் நிற்கும் வரை யாரும் தொடக்கூடாது. புறப்பாட்டில் இது 400 அடி வரை. ஏறிக்கொண்டிருக்கும்போது உயர எல்லை கிடையாது, அவசரமும் கிடையாது. நடுவானில் ஒரு எஞ்சின் இருமுவது, தீ எச்சரிக்கை இல்லாதவரை, பத்து விநாடி பொறுக்கும்.

முதலில் ஆட்டோத்ராட்டில் விடுபட வேண்டும். விட்டபின் ஒரு மூச்சு நிறுத்திப் பார்க்க வேண்டும், ஏனென்றால் கெக்வொர்த்தில் குணமாக்கியது அதுதான். பிறகு கருவிகளை எஞ்சின்வாரியாகப் படிக்காமல் குறுக்குவாட்டில் படிப்பது நல்லது: ஃபேன் வேகம் இடது-வலது, வாயு வெப்பம் இடது-வலது, எரிபொருள் இடது-வலது, அதிர்வு இடது-வலது. ஜோடியில் எது பிரிகிறதோ அதை வாய்விட்டு, கருவியின் பெயரோடு சொல்ல வேண்டும். "வலது" என்று மட்டும் சொன்னால் அதை மற்றவர் சரிபார்க்க வழியில்லை. "இடது அதிர்வு ஐந்து, இடது வெப்பம் கூடுதல்" என்றால் அவர் கண் அந்த இடத்துக்கே போகும்.

சந்தேகப்பட்ட லீவரில் ஒருவர் கை வைப்பார். மற்றவர் பார்த்து உறுதி சொன்ன பின்னரே அது நகரும். சர்ஜ் (எஞ்சினுக்குள் காற்று பின்னோக்கிப் பாய்வது), ஸ்டால் என்றால் அளவுகள் எல்லைக்குள் வரும்வரை, அல்லது ஐடில் வரை, மெல்லக் குறைப்பது முறை. அதிர்வு மட்டும் என்றால் 737இன் இன்றைய நடைமுறையில் 4.0 யூனிட்டுக்குக் கீழே வரும் அளவுக்குக் குறைத்தால் போதும். லீவரை நகர்த்தும்போது அதே எஞ்சினின் எண்கள் இறங்குகின்றனவா என்பதே சோதனை. சத்தம் நின்றதா என்பது இல்லை. எரிபொருள் அடைக்கும் லீவருக்கும் தீக் கைப்பிடிக்கும் தனித்தனியாக அதே உறுதிப்படுத்தல் வேண்டும், ஏனென்றால் இவை எளிதில் திரும்பாத படிகள். ஐடிலில் அமைதியாக ஓடும் எஞ்சினைத் தீயோ கடும் சேதமோ தெரியாமல் நிறுத்த வேண்டியதில்லை. அதை ஓட விட்டிருந்தால் கெக்வொர்த்தில் 900 அடியிலும் லீவரை முன்னுக்குத் தள்ளியிருக்கலாம்.

நிறுத்திய பிறகு கேபின் தலைமை ஊழியரிடம் திறந்த கேள்வி: என்ன பார்த்தீர்கள், எந்தப் பக்கம். பின்வரிசை வரை நடந்துபோய் ஜன்னல் வழியாகப் பார்க்கச் சொல்லலாம். அடுத்து, என்ன நடந்தது என்று மறுபடி அடுக்கிப் பார்க்கும் வேலை. அதற்குக் கட்டுப்பாட்டு அறையிடம் "பொறுங்கள்" என்று சொல்லும் உரிமை விமானிக்கு உண்டு. குறுக்கிட்டால், விட்ட இடத்திலிருந்தல்ல, முதலிலிருந்து தொடங்க வேண்டும். கடைசியாக, இறுதி அணுகுமுறைக்கு முன், உயரம் இருக்கும்போதே ஓடும் எஞ்சினுக்கு விசை கொடுத்து அதிர்வும் வெப்பமும் எப்படி நடந்துகொள்கின்றன என்று பார்த்துவிட வேண்டும்.

இவ்வளவும் ஏட்டில் இருந்தும் அதே தவறு மறுபடி நடந்தது. 2015 பிப்ரவரி 4 அன்று தைபேயில், புறப்பட்ட சிறிது நேரத்தில் ஒரு ஏடிஆர் 72-600 விமானத்தின் வலது எஞ்சின் ப்ரொப்பெல்லர் தானாக ஃபெதர் ஆனது, அதாவது அதன் அலகுகள் காற்றோட்டத்துக்கு இணையாகத் திரும்பி விசை தருவதை நிறுத்தின. விமானிகள் இடது எஞ்சினை நிறுத்தினார்கள். விமானம் கீலுங் ஆற்றில் விழுந்து 58 பேரில் 43 பேர் இறந்தார்கள். அங்கும் லீவரை இழுப்பதற்கு முன் நடக்க வேண்டிய உறுதிப்படுத்தல் நடக்கவில்லை.

1989 ஜூன்

கெக்வொர்த் நடந்த ஐந்தாவது மாதம், ஜூன் 9 அன்றும் 11 அன்றும், பிரிட்டனில் இயங்கிய வேறு இரண்டு 737-400 விமானங்களில் அதே வகை எஞ்சினின் ஃபேன் பிளேடு ஏறும்போது முறிந்தது. முறிவின் தன்மையும் அதே. அதன் பிறகுதான் பிளேடு அதிர்வின் காரணம் முழுதாகத் துலங்கியது; பிரிட்டனின் 400 வகை விமானங்கள் தற்காலிகமாகத் தரையில் நிறுத்தப்பட்டன. அந்த இரண்டு விமானங்களிலும் விமானிகள் பழுதான எஞ்சினையே நிறுத்தி, மற்றொன்றில் பத்திரமாக இறங்கியிருந்தார்கள்.